18 இஞ்சு வண்டியும் பதிமூன்றரை இஞ்சு இடுப்பும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்சனில் பதினாலு வருசமாக வேலை பார்க்கிறேன். கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்கும். மார்பு, உயரம், தோள், கை நீளம் என்று பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், கொடுத்த சார்ட்டோடு ஒத்துப் பார்த்து, அரை இஞ்சுக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் அந்த பீஸைத் தனியாக எடுத்து வைப்பதுதான் என் வேலை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாள் முழுக்க அளவோடு வாழ்கிற நான், என் தம்பிக்கு வீல்சேர் வந்த அன்றைக்கு டேப்பைக் கையில் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் அவன் நாலரை மாசம் குப்புறப் படுத்துக் கிடந்திருக்க வேண்டாம்.

2017 ஆடியில் உடுமலைப் பக்கம் ஒரு தோப்பில் காய் போட ஏறினான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று எங்கள் பக்கம் எப்படி வீசும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். மட்டை கையோடு வந்துவிட்டது. இருபத்து நாலு வயசு. முதுகுத்தண்டு இடுப்புக்குச் சற்று மேலே உடைந்து, அதற்குக் கீழே அசைவும் போய் உணர்வும் போய்விட்டது. கோவையில் ஆபரேசன், ஐம்பது நாள் கட்டில், அப்புறம் பல்லடத்துக்குத் தெற்கே இருக்கிற எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, கூட்டி வந்துவிட்டோம். தினம் இரண்டு பேர் தூக்கி ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், கயிற்றுக் கட்டிலில் படுக்க வைப்போம், சாயங்காலம் திரும்பத் தூக்கி உள்ளே போடுவோம். அம்மா அவனோடு பேசுகிறபோது முகத்தைப் பார்க்க மாட்டார், விட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு சங்கத்தார் முப்பது பேருக்கு இலவசமாக வீல்சேர் கொடுத்தார்கள். நல்ல மனசோடு கொடுத்தார்கள், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. மேடை, சால்வை, போட்டோ எல்லாம் முடிந்து மினி ஆட்டோவில் தம்பியையும் வண்டியையும் ஏற்றி வந்தபோது தெருவே வாசலில் நின்றது. மூன்று மாசத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அம்மா சிரித்தார். பளபளவென்று குரோம் பூச்சு, கறுப்பு ரெக்சின் சீட்டு, ஆஸ்பத்திரி வராண்டாவில் நோயாளியை ஸ்கேன் ரூமுக்குத் தள்ளிப் போவார்களே, அதே வண்டி. சீட்டு அகலம் 18 இஞ்சு. இதெல்லாம் பிற்பாடு அளந்து தெரிந்துகொண்டது. தம்பி உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் ஒரு உள்ளங்கை போகிற அளவுக்கு இடம் இருக்கும். "தாராளமா இருக்குது" என்றுதான் அப்பா சொன்னார். நாங்கள் எல்லோரும் அதைத்தான் நினைத்தோம்.

தாராளம்தான் கெடுத்தது. இடம் அதிகமாக இருந்ததால் அவன் இடது பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்தான், இடுப்பில் பிடிமானம் இல்லாதவன் வேறு எப்படி உட்காருவான்? சக்கரத்தைத் தள்ள இரண்டு கையையும் சிறகு மாதிரி விரிக்க வேண்டியிருந்தது. ஃபுட்ரெஸ்ட் ரொம்பக் கீழே இருந்ததால் கால் எட்டாமல் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்கும், அரை மணிக்கு ஒரு தடவை பின்னாலிருந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி வைப்போம். ரெக்சின் சீட்டு நாள் ஆக ஆகத் தூளி மாதிரி தொய்ந்துவிட்டது. அதன் மேல் அம்மா பாசத்தோடு ஒரு பழைய ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டார்.

ஐந்தாவது வாரம், குளிப்பாட்டும்போது இடது பக்கம் உட்காரும் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பாக இருந்ததைப் பார்த்தேன். வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டேன். மூன்றாம் நாள் தோல் உரிந்தது. பத்தாம் நாள் அந்த இடத்தில் ஒரு குழி. விரல் நுனி உள்ளே போகிற அளவுக்குக் குழி, ஆனால் அவனுக்கு வலியே இல்லை. வலி இல்லாததுதான் இதில் கொடுமை. பழனிக்குப் பஸ்ஸில் போகிறபோது நாம் எத்தனை தடவை இடமும் வலமும் அசைந்து உட்காருகிறோம் என்று நமக்கே தெரியாது, உடம்பு தானாகவே சொல்லும், நாமும் நகர்ந்துகொள்வோம். அவன் உடம்பு சொல்லாது. எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிய சதையில் ரத்தம் ஓடாமல் நின்று, உள்ளேயே செத்துப்போய், கடைசியில்தான் மேல்தோலில் தெரியும். நான் பார்த்த சிவப்பு ஆரம்பம் இல்லை, உள்ளே காரியம் பாதி முடிந்த பிறகு வெளியே வந்த அடையாளம்.

இங்கே இரண்டு இடத்தில் மருந்து வைத்துக் கட்டிப் பார்த்தோம். ஒரு இடத்தில் நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வாங்கி அதன்மேல் உட்காரச் சொன்னார்கள், சொன்னபடி செய்தோம், புண் இன்னும் பெரிதானது. தயவுசெய்து யாரும் அந்த வளையத்தை வாங்காதீர்கள். ஓட்டையைச் சுற்றி அழுத்தி, புண்ணுக்கு வரவேண்டிய ரத்தத்தையும் அது நிறுத்திவிடும்.

யாரோ சொல்லி வேலூருக்குப் போனோம். கோவையில் ரயிலேறி காட்பாடியில் இறங்கி, பாகாயத்தில் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையம். 1966இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயல் இழந்தவர், அதற்கப்புறமும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோய் கண்டவர்களின் கைகளுக்கு ஆபரேசன் செய்தவர். இந்தக் கதையை அங்கே கேட்ட அன்றைக்கு ராத்திரி தம்பி வயிறு நிறையச் சாப்பிட்டான். எனக்கு அது ஞாபகம் இருக்கிறது.

அங்கே ஒரு பிசியோதெரபி மேடம். நாலரை மாசம் குப்புறப் படுத்துப் புண் ஆறிய பிறகு அவனை எங்கள் பழைய வண்டியில் உட்கார வைத்து, தன் விரல்களை, உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி, அவனுடைய உட்காரும் எலும்புக்கு அடியில் நுழைத்தார். சீட்டுக்கும் உடம்புக்கும் நடுவில். பிறகு என்னையும் அதே மாதிரி வைக்கச் சொன்னார். வைத்தேன். கதவிடுக்கில் விரல் மாட்டிய மாதிரி இருந்தது, இழுத்து எடுக்கச் சிரமப்பட்டேன். "இப்படி நசுங்கினா ஆபத்துங்க" என்றார். அப்புறம் வேறு ஒரு குஷனைப் போட்டு மறுபடி வைக்கச் சொன்னார். இந்தத் தடவை விரல் நுனியை மேலும் கீழும் கொஞ்சம் ஆட்ட முடிந்தது. ஆட்ட முடிந்தால் பயம் இல்லை, ஆட்ட முடியாமல் உருவ மட்டும் முடிந்தால் எச்சரிக்கை, நசுங்கினால் அந்த மெத்தையில் உட்காரவே கூடாது. இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சாய்ந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் நசுங்கும். மெசின் இல்லை, மீட்டர் இல்லை, விரல் போதும். இது எனக்கு அந்த மண்டபத்தில் யாராவது சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அளவு எடுக்கவும் அவரே கற்றுக்கொடுத்தார். நான் கைப்பழக்கத்தில் டேப்பை இடுப்பைச் சுற்றிப் பிடிக்கப் போனேன், "சுத்தளவு வேண்டாம், நேரளவு வேணும்" என்று நிறுத்தினார். சட்டைக்குச் சுற்றளவு, வண்டிக்கு அகலம். உட்கார வைத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டு கெட்டிப் புத்தகங்களைச் செங்குத்தாக ஒட்ட வைத்து, புத்தகத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவில் அளக்க வேண்டும். அதுதான் சீட்டு அகலம், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். தம்பிக்குப் பதிமூன்றரை இஞ்சு வந்தது. நான் டேப்பை இரண்டாம் தடவை பிடித்துப் பார்த்தேன். அதே பதிமூன்றரை. கம்பெனியில் அரை இஞ்சுக்கு பீஸை ரிஜெக்ட் செய்கிறவள், நாலரை இஞ்சு வித்தியாசத்தில் என் தம்பியை உட்கார வைத்திருக்கிறேன்.

அடுத்து தொடை. பின்னிடுப்பு முதுகுச் சாய்வில் ஒட்டியிருக்க, அங்கிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் அளந்து, அதில் மூன்றிலிருந்து ஆறு சென்டிமீட்டர் கழிக்க வேண்டும், அதாவது முழங்கால் மடிப்புக்கும் சீட்டு விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி. இரண்டு காலும் ஒரே நீளம் இல்லையென்றால் குட்டையான காலின் அளவு. கழிக்காவிட்டால் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அறுக்கும், அதிகம் கழித்தால் தொடை தாங்காமல் முழுப் பாரமும் எலும்பில் இறங்கும். பிறகு கால்: முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை, வழக்கமாகப் போடுகிற செருப்போடு. இந்த அளவுதான் குஷனின் மேல்பக்கத்துக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தூரம். குஷன் போடாமல் ஃபுட்ரெஸ்டை வைத்துவிட்டு அப்புறம் மூன்று இஞ்சு குஷனைப் போட்டால் கணக்கு தப்பும், நிறையப் பேர் தப்பு விடுகிற இடம் இது. கடைசியாக முதுகு. தானே தள்ளிப் போகிறவருக்குச் சாய்வு உயரமாக இருந்தால் தோள்பட்டை எலும்பு இடித்துக் கை பின்னால் போகாது, அந்த எலும்புக்குக் கீழேயே சாய்வை நிறுத்த வேண்டும். உடம்பை நிமிர்த்தி வைக்க முடியாதவருக்கு உயரம் வேண்டும்.

இதில் எதுவும் பெரிய ரகசியம் இல்லை. உலக சுகாதார நிறுவனம், வசதி குறைந்த நாடுகளில் கையால் தள்ளும் சக்கர நாற்காலியை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று 2008லேயே வழிகாட்டி போட்டிருக்கிறது, 2012இல் அதற்குப் பயிற்சிப் பாடமும் வந்துவிட்டது. எட்டுப் படி சொல்கிறார்கள். ஆளைக் கண்டுபிடித்து அனுப்புவது, உடம்பையும் வீட்டையும் பார்த்து அளப்பது, எந்த வண்டி என்று எழுதுவது, பணமும் ஆர்டரும், வண்டியைத் தயார் செய்வது, உட்கார வைத்துச் சரிபார்ப்பது, ஓட்டப் பழக்குவது, அப்புறம் பழுதுபார்ப்பும் தொடர்ந்து போய்ப் பார்ப்பதும். எங்களுக்கு மண்டபத்தில் கிடைத்தது இதில் பணமும் ஆர்டரும் என்கிற ஒரு படி மட்டும்தான். மீதி ஏழும் இல்லாமல் வண்டி வீட்டுக்கு வந்தது. 2023 கணக்குப்படி உலகத்தில் 8 கோடிப் பேருக்கு வீல்சேர் வேண்டியிருக்கிறதாம். இத்தனை பேருக்கும் எப்படிச் செய்வது என்று மலைத்துத்தான், ஒரே அளவில் நூறு வாங்கி ஒரே நாளில் கொடுத்துவிடுகிறார்கள் போல. எனக்கு அந்த அவசரம் புரிகிறது. ஆனால் ஒரே சைஸில் நூறு சட்டை தைத்து ஊருக்கே போடச் சொன்னால் எங்கள் கம்பெனி வாட்ச்மேன்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்.

புது வண்டிக்கு 14 இஞ்சு சீட்டு. அகலம் குறைந்ததில் நாங்கள் எதிர்பார்க்காத லாபம் ஒன்று இருந்தது. பழைய வண்டி சக்கரத்தோடு சேர்த்து 26 இஞ்சு இருந்தது, எங்கள் சமையல்கட்டுக் கதவு 24. இது 22. வண்டி வந்த அன்றைக்கு அவன் தானே உள்ளே போய் அடுப்புப் பக்கத்தில் நின்று, "அக்கா, ரசத்துக்குப் பெருங்காயம் போட்டீங்களா?" என்று கேட்டான். ஒன்றரை வருசமாக அவன் சமையல்கட்டைப் பார்க்கவே இல்லை.

குஷனை நானே வெட்டினேன். அடியில் கெட்டி ஃபோம், உட்காரும் எலும்பு வரும் இடத்தில் அரை வட்டமாகக் குடைந்து, மேலே கொஞ்சம் மெத்தென்ற ஃபோம். வேலூரில் கொடுத்த அட்டை மாதிரியை வைத்து வெட்டினேன், நாம் பேட்டர்ன் வைத்து வெட்டுவதுதானே. ஆனால் கவரில் தப்பு செய்தேன். தடித்த கேன்வாஸ் துணியில் இறுக்கமாகத் தைத்துப் போட்டுவிட்டு விரலை வைத்துப் பார்த்தால், மறுபடி நசுங்கியது! எவ்வளவு குடைந்தாலும் மேலே துணி கொட்டகைப் படுதா மாதிரி விறைத்து நின்றால் எலும்பு அந்தக் குழிக்குள் இறங்காது. நாலு பக்கமும் இழுபடுகிற லைக்ரா கலந்த துணியில் தைத்தேன், சரியாகிவிட்டது. திருப்பூரில் அந்தத் துணிக்குப் பஞ்சமா? கட்டிங்கில் மிச்சமாகிற துண்டே போதும். ஃபோம் என்பது அமுங்கிப் போகிற பொருள், எங்களுக்கு வருசத்துக்கு ஒன்று மாற்ற வேண்டி வருகிறது. மாசம் ஒருநாள், அமாவாசை அன்றைக்கு என்று வைத்துக்கொண்டோம், விரலை வைத்துப் பார்ப்பேன். குஷன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவன் இருபது நிமிசத்துக்கு ஒரு தடவை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிசம் பாரத்தை இறக்க வேண்டும். ஆரம்பத்தில் போனில் அலாரம் வைத்தோம், இப்போது பேசிக்கொண்டே தானாகக் குனிகிறான். தினம் ராத்திரி கைக்கண்ணாடியை வைத்து அவனே தோலைப் பார்த்துக்கொள்வான்.

வண்டி சரியானதும் வீடு தடுத்தது. வாசலில் இரண்டு படி, மொத்தம் 14 இஞ்சு உயரம். சாய்தளம் கட்ட வந்த மேஸ்திரி நாலடியில் முடித்துவிடலாம் என்றார். ஒரு இஞ்சு உயரத்துக்குப் பன்னிரண்டு இஞ்சு நீளம் என்பது கணக்கு, அப்படிப் பார்த்தால் 14 அடி வேண்டும். "அம்மணி, லாரியா ஏறப்போகுது?" என்றார் அவர். நாலடியில் கட்டினால் ஏறும்போது வண்டி பின்னால் மல்லாந்துவிடும் என்று பழைய வண்டியில் தம்பியை ஒரு பலகையில் ஏற்றிக் காட்டினோம், நாங்கள் இரண்டு பேர் பின்னால் பிடித்துக்கொண்டோம். பார்த்ததும் அவரே நூல் பிடித்து, நடுவில் திரும்புவதற்குச் சமதளம் விட்டு, எல் மாதிரி வளைத்துக் கட்டிக் கொடுத்தார். டைல்ஸ் ஒட்டாமல், சிமெண்டு காய்வதற்குள் சீமாறு வைத்துக் கோடு இழுத்துவிட்டோம், மழையில் வழுக்காது.

வாசலைத் தாண்டினால் இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டித்தடம், வெயில் காலத்தில் புழுதி, மழைக் காலத்தில் களி. ஆஸ்பத்திரி வண்டியின் முன்சக்கரம் சின்னது, கெட்டி ரப்பர், புழுதியில் உழுகலப்பை மாதிரி இறங்கி நிற்கும், பின்னாலிருந்து தள்ளினால் ஆள் முன்னால் விழுவார். அந்த வண்டி பளிங்குத் தரைக்கென்று செய்தது, அதன் மேல் தப்பில்லை. நம்மைப் போன்ற ஊர்களுக்கென்று யோசித்தவர்களும் இருக்கிறார்கள். ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர், தானே 1966இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் செயலிழந்தவர், பல நாட்டுப் பட்டறைக்காரர்களோடு உட்கார்ந்து ரஃப்ரைடர் என்று ஒரு வண்டி செய்தார். முன்சக்கரம் பெரிதாக, அகலமாக, நன்றாக முன்னால் தள்ளி இருக்கும், அதனால் கல்லிலும் குழியிலும் குப்புற விழாது. எங்களுக்கு அந்த வண்டி கிடைக்கவில்லை. ஆனால் அந்த யோசனை ஊர் வெல்டிங் பட்டறை அண்ணனுக்குப் படம் காட்டிய உடனே புரிந்துவிட்டது. எட்டு இஞ்சு முன்சக்கரம் போட்டு, அதன் கவட்டையை முன்னால் தள்ளி வைத்துக் கொடுத்தார். நம் சென்னை ஐஐடியில் உருவாகி வந்த நியோஃப்ளை என்ற வண்டியும் ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்வதுதான், அதன் முன்னால் நியோபோல்ட் என்ற மோட்டாரை மாட்டினால் ரோட்டில் ஸ்கூட்டர் மாதிரி ஓடும். பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

நெருஞ்சி முள்ளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காற்றடைத்த டயர்தான் புழுதிக்கு நல்லது, உடம்பில் அதிர்ச்சியும் குறைவு, ஆனால் எங்கள் இட்டேரியில் வாரத்துக்கு ஒரு பஞ்சர். கெட்டி டயர் போடலாமா என்று யோசித்து, கனமும் குலுக்கலும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பின்சக்கரம் 24 இஞ்சு, சைக்கிள் கடை டியூபே சேரும்படி வாங்கியதால் தம்பியே பஞ்சர் ஒட்டப் பழகிக்கொண்டான். வண்டி வாங்குகிறவர்கள் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரிடம் டயரையும் பேரிங்கையும் காட்டி, இது உங்களிடம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு அழகான வண்டியும் ஆறு மாசம்தான். இன்னொன்று, காற்றுக் குறைந்தால் பிரேக் பிடிக்காது. இந்த வண்டிகளில் பிரேக் கட்டை டயர் மேலேதான் அழுத்தும், டயர் தளர்ந்தால் அழுத்தம் இல்லை. கட்டிலிலிருந்து மாறும்போது வண்டி நகர்ந்து தம்பி ஒருநாள் கீழே விழுந்தான், காரணம் தேடிப் பார்த்தால் டயரில் பாதிக் காற்று. அப்புறம் முன்சக்கர அச்சில் முடியும் நூலும் சுற்றிக்கொள்ளும். தறி ஓடுகிற வீடுகளிலும், என்னைப் போல் உடம்பெல்லாம் நூல் ஒட்டி வீட்டுக்கு வருகிறவர்கள் வீட்டிலும் இது ரொம்ப அதிகம். சக்கரம் கனமாக ஓடினால் எண்ணெய் விடாதீர்கள், முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பிளேடால் நூலை அறுத்து எடுங்கள்.

2019இல், அந்த மண்டபத்தில் வண்டி வாங்கிய மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று தம்பி கேட்டான். நாங்கள் இரண்டு பேரும், பட்டறை அண்ணனும், பிசியோதெரபி படித்த எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போனோம். பாதிக்கு மேல் வண்டி ஓட்டத்திலேயே இல்லை. ஒரு வீட்டில் அதன் மேல் மாட்டுத் தீவன மூட்டை. சர்க்கரையால் இரண்டு காலும் முழங்காலுக்கு மேலே எடுத்த ஒரு பெரியவர், வண்டியில் நிமிர்ந்தாலே பின்னால் கவிழ்கிறது என்று பயந்து அதைத் தொடுவதே இல்லை. கால் இரண்டும் இல்லாதபோது உடம்பின் பாரம் பின்னால் போய்விடும், அவருக்குப் பின்சக்கர அச்சை இன்னும் பின்னால் வைத்திருக்க வேண்டும். பட்டறையில் ஒரு தகடு வைத்து அச்சை மூன்று இஞ்சு பின்னால் தள்ளினோம். மறு ஞாயிற்றுக்கிழமை போனால் ஆள் வீட்டில் இல்லை, டீக்கடையில் இருக்கிறார் என்றார்கள்.

ஒரு வீட்டைப் பற்றி எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மூளைவாதம் உள்ள ஏழு வயசுப் பெண் குழந்தையைப் பெரியவர்களுக்கான வண்டியில் உட்கார வைத்து, சுற்றிலும் தலையணையை அடைத்து, நெஞ்சோடு ஒரு துண்டால் கட்டியிருந்தார்கள். தலை ஒரு பக்கம் தொங்கியது. அந்த அம்மா, "ஏனுங்க, இதுலதான் சோறு ஊட்டறனுங்க, அடிக்கடி புரையேறுது" என்றார். அப்படித் தொங்கிய கழுத்தோடு ஊட்டினால் புரையேறத்தான் செய்யும். இந்தக் குழந்தைகளுக்கு டேப்பும் வெல்டிங்கும் போதாது, நாங்கள் கை வைக்கவில்லை. இடுப்பையும் முதுகையும் தலையையும் தாங்குகிற தனி நாற்காலி, பயிற்சி பெற்றவர்கள் பார்த்துச் செய்ய வேண்டும், வளர வளர மாற்ற வேண்டும். அவர்களை வேனில் கூட்டிப் போய் அதற்கான இடத்தில் சேர்த்துவிட்டு வந்தோம். எது நம்மால் முடியும், எது முடியாது என்று தெரியாமல் உதவி செய்யப் போனால் உதவி வாங்குகிறவர் உடம்பில்தான் அது விடியும்.

அரசாங்கத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டை எடுத்துக்கொண்டு போங்கள். உதவிக் கருவிகள் கொடுக்கிற ஒன்றிய அரசின் அடிப் திட்டத்தில் கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் வண்டிகள் முகாம் வைத்துக் கொடுப்பார்கள், அதில் முதலில் மதிப்பீட்டு முகாம், அப்புறம்தான் வழங்கும் முகாம். முதல் முகாமுக்கு ஆளை வீட்டில் விட்டுவிட்டுச் சான்றிதழை மட்டும் எடுத்துப் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கஷ்டம்தான், வேன் வாடகை இருக்கிறது, தெரியும். ஆனாலும் ஆளைக் கூட்டிப் போங்கள், அளவைக் கையோடு எழுதிக் கொண்டு போங்கள், மனுவிலேயே இடுப்பு இத்தனை இஞ்சு என்று எழுதிக் கொடுங்கள். இது கெஞ்சிக் கேட்கிற விசயம் இல்லை. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் நடமாட்ட உரிமைக்கென்று 20ஆம் பிரிவே இருக்கிறது, 2007இல் நம் நாடு அதை ஏற்றுக்கொண்டது, அதை ஒட்டி 2016இல் தனிச் சட்டமும் போட்டாயிற்று.

போன மாசம் காங்கயத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் போன் செய்தார். அப்பாவின் நினைவு நாளுக்கு 25 வீல்சேர் கொடுக்க வேண்டும், ஆள் பேர் மட்டும் நீங்கள் கொடுங்கள் என்றார். நான் போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். "பத்து வண்டி போதுங்க, மிச்சக் காசு குஷனுக்கும் டியூப்புக்கும், ரெண்டு வருசம் போய்ப் பார்த்துக்கறதுக்கும் வெச்சுக்கலாங்க. ஆளைப் பார்க்காம ஆர்டர் போட வேண்டாங்க" என்றான். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம், சரிங்க தம்பி, ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன் என்றார்.

வந்தார், வெள்ளை வேட்டியோடு. முதல் வீடு ஓடாநிலைப் பக்கம், வாதத்தில் விழுந்த பெரியவர் ஒருவர். பெரியவரைத் திண்ணையில் நிமிர்த்தி உட்கார வைத்தோம். புத்தகத்தை இரண்டு பக்கமும் பிடிக்க ஆள் போதவில்லை, ஆலைக்காரரே மண்டி போட்டு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். நான் டேப்பைப் பிடித்து அளவைச் சொல்லச் சொல்ல, அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஆலை ரசீதுச் சீட்டின் பின்னால் எழுதினார். இடுப்பு 15, தொடை 18, கால் 16. எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தி, "அம்மணி, கால் அளவுல குசனோட கனத்தைக் கழிச்சுட்டீங்களா, இல்லை அதை இன்னி மேலதான் போடோணுங்களா?" என்று கேட்டார்.